வார்டில் கேட்டதை எழுதும் வட்டம்: எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும்?

#1 | பின்வரிசை (எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு)

எங்கள் கல்லூரியில் மாணவர்களாகச் சேர்ந்து ஒரு வட்டம் தொடங்க இருக்கிறோம். நோயாளி சொல்வதை ஒழுங்காகக் கேட்கவும் கேட்டதை எழுதிப் பார்க்கவும் பழகுவதுதான் நோக்கம். கவியரங்கமும் பட்டிமன்றமும் நடத்தத் தமிழ் மன்றம் ஏற்கெனவே இருக்கிறது, இது வேறு. வாரத்தில் ஒரு மாலையும் நூலகத்தின் பக்கத்து அறையும் கிடைக்கும்.

தெரிய வேண்டியவை இவை. எத்தனை பேர், எவ்வளவு நேரம்? எதைப் படிப்பது, தமிழிலா ஆங்கிலத்திலா? வார்டில் பார்க்கும் நோயாளியைப் பற்றி எழுதலாமா, எழுதினால் அனுமதி வாங்க வேண்டுமா? பேராசிரியர் யாராவது உடன் உட்கார வேண்டுமா? ஏட்காம் (மனப்பான்மை, நெறிமுறை, தொடர்பாடல் பாடம்) வகுப்போடு சேர்த்துவிட்டால் வருகைப்பதிவு கிடைக்கும் என்கிறார்கள், அது நல்லதா? சீனியர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 | சமூகமருத்துவம்_ஆசிரியர்

முதலில் அளவு, தம்பி. 8 முதல் 12 பேர். 15ஐத் தாண்டினால் எழுதியதை வாசிக்க எல்லோருக்கும் முறை வராது. 6க்குக் கீழே போனால் இரண்டு பேர் டியூட்டியில் மாட்டிக்கொண்ட அன்றைக்கே வட்டம் நின்றுபோகும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், நடுவில் மேசை வேண்டாம். மொத்தம் 60 நிமிடம். ‘இன்னும் கொஞ்சம் பேசலாமே’ என்று தோன்றும்போதே முடிப்பது நல்லது.

அந்த 60 நிமிடத்தைப் பிரிக்கும் விதம்தான் முக்கியம். வந்து உட்கார 5 நிமிடம். அடுத்த 5 நிமிடத்தில் ஒரு பக்கத்துக்கு மிகாத ஏதாவது ஒன்றை, ஒரு கவிதையையோ சிறுகதையின் துண்டையோ, அச்செடுத்து அங்கேயே கையில் கொடுத்து ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். முடிந்ததும் வேறொருவர் மறுபடி வாசிக்க வேண்டும். வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். பாதிப்பேர் படிக்காமல் வருவார்கள், அந்தக் கூச்சத்திலேயே வாய் திறக்காமல் போவார்கள். பிறகு 20 நிமிடம் அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் பேச்சு. அடுத்து 5 நிமிடம் எல்லோரும் எழுதுவது, நடத்துபவரும் சேர்த்து. 20 நிமிடம் எழுதியதை வாசிப்பது. கடைசி 5 நிமிடம் எழுந்து போவதற்கு முன் மூச்சுவிட.

பேசும்போது கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். யார் பேசுகிறார், யாரிடம்? காலம் எந்த இடத்தில் தாவுகிறது? எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரீட்டா சாரன் வகுத்த வாசிப்பு முறையின் சாரம் இதுதான். அவர் பொதுமருத்துவர், ஆங்கில இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்றவர். 2000இல் அங்கே கதைவழி மருத்துவத்துக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார்; 2009இல் அது முதுகலைப் படிப்பாகவும் ஆனது. சட்டகம், வடிவம், காலம், கதைப்போக்கு, வேட்கை என ஐந்தையும் பார்க்கச் சொல்கிறார். ஒரே நாளில் ஐந்தையும் எடுத்தால் எதுவும் நிற்காது. நாளுக்கு ஒன்று போதும்.

எழுதத் தரும் தூண்டுவரியில்தான் அதிகம் சறுக்கும். ‘கருணையைப் பற்றி எழுதுங்கள்’ என்றால் மேடைப்பேச்சுதான் வரும். ‘மூடியிருந்த ஒரு கதவைப் பற்றி’, ‘ஒருவர் காத்திருந்ததைப் பற்றி’, ‘கையில் இருந்த பையைப் பற்றி’ என்று தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். படித்த பக்கத்தோடு அதற்கு ஒரு மெல்லிய தொடர்பு இருந்தால் போதும்.

இன்னொரு சறுக்கல், கதையில் வருபவருக்கு நோய் கண்டுபிடிக்கக் கிளம்புவது. ‘அந்தம்மாவுக்கு இருப்பது மனச்சோர்வு’ என்று ஒருவர் ஆரம்பித்தால் எல்லோரும் வைவா (வாய்மொழித் தேர்வு) அறைக்குள் போய்விடுவார்கள். தடுக்க ஒரு கேள்வி போதும்: ‘எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?’

#3 | டியூட்டி_பிஜி

எதிர்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கணக்கு இடிக்கிறது. உலக நாடுகளின் ஆரம்பநிலை மருத்துவச் சந்திப்பு நேரங்களைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. வங்காளதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் 22.5 நிமிடம், இந்தியா 2 நிமிடத்தை ஒட்டி. அரசு மருத்துவமனை ஓபியில் (புறநோயாளிப் பிரிவில்) வரிசை கதவைத் தாண்டி நிற்கும்போது ‘கதையைக் கேள்’ என்பது நடக்கிற காரியமா? இரண்டாவது, இதனால் நல்ல மருத்துவர் உருவாகிறார் என்பதற்கு ஆதாரம் எங்கே? மாணவர்கள் தாங்களே நிரப்பும் பரிவு அளவுகோலில் மதிப்பெண் ஏறியது என்பதை ஆதாரமாக எடுக்க முடியாது.

#4 | பொதுமருத்துவம்_யூனிட்3

இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதை எடுக்கிறேன்.

நேரம் போவது நோயாளி பேசுவதால் என்றுதான் நாம் நம்புகிறோம். 1984இல் பெக்மேன், ஃபிராங்கெல் இருவரும் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி தொடங்கி சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். தொடக்கத்தில் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம் பேர்தான். 1999இல் இன்னொரு ஆய்வில் அது 23 விநாடி. 2018இல் வெளிவந்த ஒன்றில் 11 விநாடி. குறுக்கிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை சுவிட்சர்லாந்தின் பாசெலில் 335 நோயாளிகளிடம் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள்: சராசரி 92 விநாடி. 78 சதவீதம் பேர் 2 நிமிடத்துக்குள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள்.

பாசெலின் 92 விநாடி நம் ஓபிக்கு ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்மிடம் இருக்கும் 120 விநாடியில் முதல் 20 விநாடியைத் தொடாமல் விட முடியும். எழுதும் கையை நிறுத்தி, முகத்தைப் பார்த்து, ‘சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வாய் மூடியிருப்பது. அந்த 20 விநாடியில் கேட்டது என்ன என்பதைப் பிடிக்கும் காதைத்தான் இந்த வட்டம் பழக்க முடியும். அதைத் தாண்டி ஓபியில் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. வார்டும், நீரிழிவு, ரத்த அழுத்தத் தொடர் சிகிச்சைப் பிரிவும் வேறு. அங்கே ஒரே முகம் மாதாமாதம் வருகிறது. கேட்டது சேர்ந்துகொண்டே போகும். குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒதுக்கும் வீடுகளும் அப்படித்தான். அந்த வீடுகளுக்குப் படிவம் நிரப்ப மட்டும் போய் வருவது பெரிய இழப்பு.

ஆதாரம் பற்றி: மருத்துவப் படிப்பில் கலை, இலக்கியம் போன்ற மானுடப் பாடங்கள் குறித்து 2010இல் ஒரு தொகுப்பாய்வு 245 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. நீண்டகாலப் பயனை அளக்க முயன்றவை அவற்றில் 9 மட்டும். உங்கள் சந்தேகம் பழுதில்லை. அமெரிக்காவில் 5 கல்லூரிகளின் 739 மாணவர்களிடம் எடுத்து 2018இல் வந்த கணக்கெடுப்பில் கலை இலக்கியப் பழக்கம் உள்ளவர்களிடம் பரிவு கூடுதலாகவும் சோர்வு குறைவாகவும் தெரிந்தன. ஆனால் அது உடனிருப்பதைக் காட்டுகிறதே தவிர எது எதற்குக் காரணம் என்பதைச் சொல்லவில்லை.

#5 | சொல்லும்_பொருளும்

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் இந்த வட்டத்தின் முதல் வேலையே அதுதான் என்பது என் உறுதியான கருத்து. நோயாளி தமிழில் சொல்கிறார், நாம் ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் (நோயாளியின் மருத்துவப் பதிவுத்தாள்) எழுதுகிறோம். நடுவில் யாரும் பார்க்காத ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது. அதை மேசைமேல் எடுத்து வையுங்கள்.

‘மயக்கம்’ என்ற ஒரு சொல் போதும். தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பி விழுந்ததும் மயக்கம், பசியில் வரும் அசதியும் மயக்கம். காதின் சமநிலை, இதயத் துடிப்பு, ரத்தச் சர்க்கரை, மூளை என நான்கு வேறு வேறு பாதைகள். கேஸ் ஷீட்டில் ‘கிட்டினெஸ்’ (தலைசுற்றல்) என்று எழுதிய நொடியில் மூன்று பாதைகள் அடைபடுகின்றன. ‘இழுப்பு’ ஒரு ஊரில் மூச்சிரைப்பு, இன்னொரு ஊரில் வலிப்பு. ‘கை கால் இழுத்துக்கிச்சு’ என்றால் பக்கவாதமாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். ‘நரம்பு’ என்று காட்டும் விரல் ரத்தக்குழாய்மேலும் இருக்கும், தசைநார்மேலும் இருக்கும். ‘கட்டி’ சீழ்க்கட்டியும்தான், புற்றும்தான். ‘வாய்வு’ என்று சொல்லிக்கொண்டு வருபவருக்கு மாரடைப்பாக இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ (இரைப்பை அழற்சி) என்று எழுதிவிட்டுப் போவதும் நடக்கிறது.

பயிற்சி இப்படி. ஒரு நோயாளியிடம் பேசி வந்ததும் 10 நிமிடத்துக்குள், அவர் சொன்ன முதல் மூன்று வாக்கியங்களை அவர் வாயில் வந்தபடியே எழுத வேண்டும். ‘நெஞ்சுல ஏதோ உக்காந்திருக்காப்ல இருக்கு’ என்றால் அப்படியே. பக்கத்துப் பத்தியில் அதே மூன்று வாக்கியங்கள் கேஸ் ஷீட்டில் எப்படி ஆயின என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே விழுந்துபோனது எது என்பதுதான் அன்றைய பேச்சு. 10 நிமிடம் தாண்டினால் நினைவு தானாகவே திருத்தி எழுதிவிடும். ‘நெஞ்சு வலி’ என்பதுதான் மிஞ்சும். நோயாளி எதிரிலேயே ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டிருந்தாலும் கெட்டுவிடும், அவர் நம் பேனாவைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்.

அடுத்தது, யார் சொல்கிறார் என்பது. அகப்பாடல் ஒவ்வொன்றின் அடியிலும் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறிப்பு இருக்கும். யார் யாரிடம் சொன்னது, யார் காதில் விழும்படி சொன்னது என்று தெரியாமல் அந்தப் பாட்டு பிடிபடாது. ஹிஸ்டரியும், அதாவது நாம் கேட்டு எழுதும் நோய் வரலாறும், அப்படித்தான். குழந்தைகள் வார்டில் சொன்னவர் அம்மாவா பாட்டியா என்று எழுதுகிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் சொன்னதும், அவர் டீ வாங்கப் போனபிறகு சொன்னதும் வேறு வேறு கூற்று. ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரே வரியில் கூற்று எழுதும் வழக்கத்தை வட்டத்தில் கொண்டுவாருங்கள்: ‘மகன் கூற்று, தந்தை கேட்டுக்கொண்டிருக்க’. மூன்று வாரத்தில் அது ஹிஸ்டரி எடுக்கும் முறையையே மாற்றும்.

#6 | பின்வரிசை

அக்கா, கூற்று எழுதுவதை முதல் வாரத்திலிருந்தே வைத்துக்கொள்கிறோம். ‘உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘எனக்கென்ன தெரியும், நீங்கதான் சொல்லணும்’ என்ற பதில்தான் வரும் என்கிறார்கள். அதற்கு வழி உண்டா? பேரலல் சார்ட் என்ற ஒன்றைப் பற்றியும் சொல்லுங்கள்.

#7 | சொல்லும்_பொருளும்

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது ஆர்தர் க்ளெய்ன்மனும் கூட்டாளிகளும் 1978இல் எழுதிய கட்டுரை. இந்த நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், எதனால் வந்தது, ஏன் அப்போது வந்தது, எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள் என்று போகும். அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் பரீட்சை வைப்பதுபோல் ஆகிவிடும். நீங்கள் சொன்ன பதில் வருவது அதனால்தான். மூன்றாம் ஆள் வழியாகக் கேளுங்கள். ‘வீட்ல பெரியவங்க இதுக்கு என்ன சொன்னாங்க?’, ‘அக்கம்பக்கத்துல யாருக்காச்சும் இப்படி வந்திருக்கா, அவங்களுக்கு என்ன ஆச்சு?’ இரண்டாவது கேள்வியில் பயம் தானாக வெளியே வரும். பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள் என்பது தெரிந்தால்தான் இவர் ஏன் இன்சுலினுக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பது புரியும்.

பேரலல் சார்ட்டை ‘இணைக் குறிப்பேடு’ என்று சொல்லலாம். சாரன் 1993இல் கொலம்பியா மாணவர்களுக்குக் கொண்டுவந்தது. கேஸ் ஷீட்டில் எழுத முடியாத, ஆனால் எங்காவது எழுதியே ஆக வேண்டிய விஷயங்களுக்கான தனிநோட்டு. நோயாளி நம் தாத்தாவை நினைவூட்டினால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுத முடியாது, இதில் எழுதலாம். வாரம் ஒரு நோயாளி, ஒரு பக்கம், தினசரிப் பேச்சுநடையில். எழுதியதை வட்டத்தில் வாசிக்க வேண்டும்.

எழுதுபவர் தன் நாட்குறிப்பாக மாற்றிவிடும்போது இது கெடும். ‘எனக்கு அன்று தூக்கமே இல்லை’ என்று தொடங்கி முழுப்பக்கமும் போய்விடும், நோயாளி கடைசி வரியில்தான் வருவார். எண்ணிப் பாருங்கள்: பக்கத்தில் ‘நான்’ எத்தனை, நோயாளி பேசிய அல்லது செய்த வாக்கியம் எத்தனை. இரண்டாவது குறைவாக இருந்தால் திரும்ப எழுத வேண்டும். ஏழை நோயாளியை வைத்துக் கண்ணீர் வரவழைப்பதும், கடைசியில் மருத்துவர் வந்து காப்பாற்றுவதும் இதே சிக்கலின் வேறு முகங்கள்தான்.

#8 | சட்டமருத்துவம்

அனுமதி பற்றி யாரும் தொடவில்லை. இதில் கவனமாக இருங்கள், தம்பிகளே.

வட்டத்துக்குள் மட்டும் வாசித்துவிட்டு மூடிவைக்கும் பக்கத்துக்கும் வெளியே போகும் பக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டிலும் பெயர், படுக்கை எண், ஐபி (உள்நோயாளி) எண், ஊர், சேர்ந்த தேதி எழுதக் கூடாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவத் தொழில்நெறி விதிகளிலேயே நோயாளியின் ரகசியம் காக்கும் கடமை இருக்கிறது. அதற்கு மேல் சில நோயாளிகளுக்குத் தனிச் சட்டமே உண்டு. எச்.ஐ.வி. என்றால் 2017 சட்டம், மனநலம் என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை என்றால் 2012 போக்சோவின் 23ஆம் பிரிவு, வயதுவந்தவர் என்றால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. இந்த நான்கு வகையையும் மாணவர் வட்டத்தில் எழுதவே வேண்டாம் என்பது என் ஆலோசனை.

பெயரை மாற்றினால் மறைந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். அபூர்வ நோயும் சிறிய ஊரும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். தொழில், வயது, குழந்தைகளின் எண்ணிக்கை, ஊர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்றை மாற்றுங்கள். எழுதுவதைக் குறைந்தது ஒரு மாதம் தள்ளி வாசியுங்கள். பிறகு இப்படிக் கேளுங்கள்: இந்தப் பக்கத்தை அந்த நோயாளியின் மகள் படித்தால் தன் அம்மா என்று கண்டுபிடிப்பாளா? அம்மாவே கேட்டால் மனம் நோகுமா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அது வெளியே போகக் கூடாது.

வெளியிட விரும்பினால் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் கேட்பவர் அந்த நோயாளிக்குச் சிகிச்சை தரும் யூனிட்டில் இருக்கக் கூடாது. ‘மாட்டேன்னா மருந்து கொடுக்க மாட்டாங்களோ’ என்ற பயம் நிஜமாகவே உண்டு. டிஸ்சார்ஜுக்கு முன்பு வேண்டாம். எழுதியதைத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்தோ கைநாட்டோ. வாசித்தபோது அவர் திருத்தம் சொன்னால் அதைச் செய்தாக வேண்டும்.

கடைசியாக வாட்ஸ்அப். வட்டத்துக்குக் குழு வேண்டுமானால் நேரம், இடம் சொல்ல மட்டும். எழுத்துகள் அதில் ஏறக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. தாளில் எழுதுங்கள், மாலையில் நோட்டை எழுதியவரே எடுத்துப் போகட்டும்.

#9 | மனநலம்_ஓபி

ஒன்றைச் சேர்க்கிறேன். வாசிக்கும்போது யாராவது உடைந்து அழக்கூடும். முதல் மரணத்தைப் பார்த்த மாதம், உடற்கூறு அறையில் முதல் வாரம், இவை எழுத்தில் தாமதமாக வரும். நடத்துபவர் அவசரமாக ஆறுதல் சொல்ல வேண்டாம், தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். கொஞ்சம் மௌனம், ‘நிறுத்தலாமா, தொடரலாமா?’ என்ற ஒரு கேள்வி. முடிவு அவருடையது. கூட்டம் முடிந்ததும் ஒருவர் உடன் நடந்து போகட்டும், மறுநாள் ஒரு போன். தூக்கம், சாப்பாடு கெட்டு இரண்டு வாரம் தாண்டினால், அல்லது உயிர் மீது வெறுப்பாகப் பேசினால், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். அந்த நிலையில் வட்டம் சிகிச்சையாகாது.

முதல் கூட்டத்திலேயே மூன்று விஷயங்களை உரக்கச் சொல்லிவிடுங்கள். வாசிக்க யாருக்கும் கட்டாயம் இல்லை, ‘அடுத்தவர்’ என்று சொல்லி விடலாம். இங்கே கேட்டது வெளியே போகாது. எழுத்தைப் பற்றித்தான் பேசுவோம், எழுதியவரைப் பற்றி அல்ல. மூன்றாவது விதிதான் முதலில் மீறப்படும். ‘பாவம், உனக்கு எப்படி இருந்திருக்கும்’ என்பதும் மீறல்தான். ‘மூன்றாவது வரியில் வாக்கியம் பாதியில் நிற்கிறது’ என்பதுதான் சொல்ல வேண்டியது.

#10 | களரி

எழுத்து வராதவர்களுக்கு நாடகம் உண்டு. பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கில் ஃபோரம் தியேட்டர் என்ற வடிவம். டெல்லியின் யூ.சி.எம்.எஸ். மருத்துவக் கல்லூரியில் 2009இல் மருத்துவத்தோடு கலை, இலக்கியத்தை இணைக்கும் குழு ஒன்று அமைந்தது; 2011இல் அங்கே மாணவர்களுக்கு இந்த அரங்கப் பயிலரங்கு நடந்தது.

செய்முறை: 3 முதல் 5 நிமிடக் காட்சி ஒன்று, தீர்வு இல்லாமல் தோல்வியில் முடிய வேண்டும். உதாரணமாக, ரவுண்ட்ஸில் எல்லோர் முன்பும் நோயாளியின் துணியை விலக்கிப் பரிசோதிக்கிறார்கள், மாணவி ஒருத்திக்குத் தடுக்கத் தோன்றுகிறது, முடியவில்லை. ஒருமுறை முழுதாக நடிப்பது. இரண்டாம் முறை நடிக்கும்போது பார்ப்பவரில் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லி, மாட்டிக்கொண்டவரின் இடத்தில் தான் போய் நின்று வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். எதிர்ப்பக்க நடிகர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நடத்துபவரை ஜோக்கர் என்பார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் பார்வையாளரோடு பேசிக் கதையை நகர்த்துவது போன்ற இடம் அது. கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

90 நிமிடத்துக்குக் குறைந்தால் செய்யாதீர்கள். முதல் 20 நிமிடம் உடலைத் தளர்த்தும் விளையாட்டுகள், அதை விட்டால் எல்லோரும் நின்ற இடத்தில் வசனம் பேசுவார்கள். கெட்ட பேராசிரியரை நல்லவராக மாற்றி முடிப்பவரை ஜோக்கர் தடுக்க வேண்டும். வாழ்க்கையில் அவர் மாற மாட்டார். மாணவி என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. காட்சியில் வருபவர் கல்லூரியில் இருக்கும் யாரையும் நடை, பேச்சு, சட்டை எதிலும் நினைவூட்டக் கூடாது. நினைவூட்டினால் பகடியாக முடியும்.

#11 | ஏட்காம்_ஒருங்கிணைப்பு

வருகைப்பதிவுக் கேள்விக்கு. ஏட்காமில் 27 தொகுதிகள். அதில் முதலாண்டில் வரும் 1.2 ‘நோயாளியாக இருப்பது என்றால் என்ன’, 1.5 ‘நம் முதல் ஆசிரியர் அந்த உடல்’ ஆகிய இரண்டும் இந்த வட்டத்துக்கு இயல்பாகப் பொருந்தும். உடற்கூறு அறையில் முதல் கீறலுக்கு முந்தின நாள் 10 நிமிடம் எழுத விடலாம். இப்படி ஓர் அதிகாரபூர்வ இடம் கிடைத்தால் வட்டம் இரண்டு பேட்ச் தாண்டியும் நிற்கும். ஆர்வத்தை மட்டும் நம்பித் தொடங்கியது ஆரம்பித்தவர்கள் சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாய உள்ளிருப்புப் பயிற்சி) போனதும் கலைந்துபோகும்.

#12 | பொதுமருத்துவம்_யூனிட்3

அதில் எனக்குப் பயம் இருக்கிறது, மேடம். லாக்புக்கில் (மாணவர் பதிவேட்டில்) ‘என்ன நடந்தது, அதனால் என்ன, அடுத்து என்ன’ என்ற மூன்று தலைப்பில் எழுதச் சொல்கிறோம். சீனியர் எழுதியதைப் பார்த்து எழுதுவதாக அது மாறிவிட்டது. ‘நோயாளியிடம் பரிவு தேவை என்று உணர்ந்தேன்’ என்ற ஒரே வாக்கியம் நோட்டுக்கு நோட்டு. மதிப்பெண் போடுபவருக்கு எது பிடிக்கும் என்று மாணவருக்குத் தெரியும். உணர்ந்ததற்கு மார்க் என்றால் உணர்ந்ததுபோல் எழுதுவார்கள். தவறு செய்ததை மார்க் போடுபவர் முன்னால் யாரும் எழுத மாட்டார்கள்.

#13 | ஏட்காம்_ஒருங்கிணைப்பு

சரி, அப்படியானால் பிரித்துவிடலாம். ஏட்காம் வகுப்பில் வாசிப்பும் கூற்றுப் பயிற்சியும். அவை திறமை, சரிபார்க்க முடியும். நோயாளி சொன்ன மூன்று வாக்கியங்களை மாற்றாமல் பதிவு செய்தாரா, யார் சொன்னது என்று குறித்தாரா என்பதை ஆஸ்கி தேர்விலேயே (நிலையம் நிலையமாக நடக்கும் செய்முறைத் தேர்வு) ஒரு நிலையமாக வைக்கலாம். நடிக்கும் நோயாளிக்கு எழுதிக்கொடுத்த வரிகள் நம் கையில் இருக்கும், ஒப்பிட்டால் போதும். இணைக் குறிப்பேடு மாலை வட்டத்தில். மார்க்கும் இல்லை, வருகைப்பதிவும் இல்லை.

#14 | பொதுமருத்துவம்_யூனிட்3

இதற்கு ஒப்புக்கொள்கிறேன். மாலை வட்டத்தில் உட்காரும் ஆசிரியர் அந்த மாணவர்களுக்கு அந்த ஆண்டு தேர்வாளராக இல்லாதவராக இருக்கட்டும். நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் துறைகளில் படிக்கும் பழக்கம் உள்ள உதவிப் பேராசிரியர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அவரும் அதே 5 நிமிடம் எழுதி வாசிக்க வேண்டும். எழுதாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவர் கண்காணிப்பவர் ஆகிவிடுவார்.

#15 | கண்மருத்துவம்_பிஜி

ஆதாரம் கேட்டவருக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் 36 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேர வகுப்புகள் 6க்கு அனுப்பினார்கள். ஓவியத்தை மட்டுமல்ல, கண்நோய்ப் படங்களையும் விழித்திரைப் படங்களையும் விவரிப்பதில் அந்தப் பாதி மேலே வந்தது. 2018இல் வெளியான ஆய்வு. பரிவு எவ்வளவு என்ற கேள்வித்தாளை விட, கண் எவ்வளவு பார்த்தது என்பது அளக்கக்கூடியது.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம் இருக்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் 4 பேரை நிறுத்தி 15 நிமிடம் கொடுங்கள். பெயர், கடவுள், புராணம் எதுவும் சொல்லக் கூடாது. கண்ணில் படுவது மட்டும். எடை எந்தக் காலில் இருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, கைகள் எத்தனை? ‘இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது?’ என்ற மூன்று கேள்விகள் போதும். நடையைப் பார்த்து நோய் சொல்லும் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சனி, ஞாயிறு கூட்டமாக இருக்கும்; வாரநாள் காலையில் போங்கள்.

#16 | டியூட்டி_பிஜி

கண் பயிற்சியையும் மூன்று வாக்கியப் பயிற்சியையும் ஏற்கிறேன். இரண்டிலும் சரி தவறு பார்க்க வழி இருக்கிறது. ‘மயக்கம்’ பட்டியலை எங்கள் யூனிட் சி.ஆர்.ஆர்.ஐ. அறையில் ஒட்டிவைக்கலாம், இரவு டியூட்டியில் அது உதவும். ஆனால் போஸ்டிங் நடுவே 60 நிமிடம் கிடைக்காது. 15 நிமிடத்தில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

#17 | சமூகமருத்துவம்_ஆசிரியர்

உண்டு. 55 சொல் கதை. ஆங்கிலத்தில் மருத்துவப் பயிற்சியில் பரவலாகப் பயன்படும் வடிவம். ஒரு நோயாளி, ஒரு கணம், சரியாக 55 சொல். முதலில் 5 நிமிடம் கட்டற்று எழுதி, பிறகு 10 நிமிடம் வெட்டுவது. வெட்டும்போதுதான் எது முக்கியம் என்று தெரியும். முதலில் போவது பெயரடைகள்.

தமிழுக்கு 55 அதிகம். ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது ஆங்கிலத்தில் நான்கைந்து சொல், நமக்கு ஒன்று. 35 முதல் 40 வரை வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து எழுதி எண்ணிக்கையைக் குறைக்கப் பார்ப்பார்கள், ஆகவே வாயால் சொல்லும்போது எங்கே மூச்சு விடுகிறோமோ அங்கே பிரிக்கச் சொல்லுங்கள்.

#18 | பின்வரிசை

எல்லோருக்கும் நன்றி. 6 வாரத்துக்கு இப்படி வைத்திருக்கிறோம். முதல் வாரம் மூன்று விதிகளும் ஒரு பக்க வாசிப்பும். இரண்டாவது, மூன்று வாக்கியப் பதிவும் கூற்றும். மூன்றாவது அருங்காட்சியகம். நான்காவது இணைக் குறிப்பேடு. ஐந்தாவது 40 சொல் கதை. ஆறாவது ஃபோரம் தியேட்டர், அன்று மட்டும் 90 நிமிடம். 10 பேர். நோட்டு எழுதியவரிடமே. குழுவில் நேரம் மட்டும். சரியா?

#19 | சொல்லும்_பொருளும்

ஒரு மாற்றம். இணைக் குறிப்பேட்டை நான்காம் வாரம் தொடங்கி அதே வாரம் வாசிக்க முடியாது. சட்டமருத்துவம் சார் சொன்ன ஒரு மாத இடைவெளி என்ன ஆவது? முதல் வாரமே நோட்டைக் கொடுத்து எழுத ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வாரம் வரும்போது முதல் இரண்டு பக்கங்கள் வாசிக்கும் பதத்துக்கு வந்திருக்கும். நாடகத்தை ஆறாம் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்டெர்னல் தேர்வுக்கு முந்தின வாரத்தில் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். அன்றைக்கு நாலு பேர் வந்து உட்கார்ந்தால், மறுவாரம் அந்த நாலு பேரும் வர மாட்டார்கள்.

#20 | பின்வரிசை

மாற்றிவிட்டோம், அக்கா. நாளை 10 நோட்டு வாங்குகிறோம், கோடு போடாதது, 40 பக்கம்.